சங்கிலிக் கூடம்

சிலேசியாவில், மூடிப்போன நிலக்கரிச் சுரங்கமொன்றின்
குளியல் கூடம்.
உத்தரத்தில் இன்னும் தொங்குகின்றன முந்நூறு சங்கிலிகள்.
ஷிஃப்ட் முடிந்தவர்கள் உடுப்பைக் கொக்கியில் மாட்டி
மேலே ஏற்றிவிடுவார்களாம், ஈரம் காய.
இப்போது கொக்கிகள் வெறுமனே.
அவற்றின் கீழே, இடுப்புயரத்தில்
ஓர் எஃகுக் கலன்
முப்பத்தேழு டிகிரிச் சூட்டில்
நீராகாரம் போல எதையோ
சுழற்றிக்கொண்டே இருக்கிறது.

ஒத்திலியாவுக்கு இரவுப் பணி.
கலனுக்குள் இருப்பவை காற்று ஆகாத பிறவிகள்.
ஊசித்துளை வழியே நம் மூச்சு நுழைந்தால் போதும்,
விடிவதற்குள் அத்தனையும் அடங்கிவிடும்.
போன செவ்வாய் அப்படித்தான் ஆயிற்று.
பதினோரு நாள் வளர்ப்பு.
குற்றவாளி ஒரு ரப்பர் வளையம்,
விலை இரண்டு ஸ்வாட்டி.
அவள் அழவில்லை.
வளையத்தை ஓர் உறையில் போட்டுத்
தேதி எழுதி
இழுப்பறையில் பூட்டினாள்.
மறுநாள், குளிர்பெட்டியில் மிச்சமிருந்த ஒரே புட்டியிலிருந்து
மறுபடி விதைத்தாள்.

உள்ளே நடக்கவேண்டியது இவ்வளவுதான்.
கரியமில வாயுவின் இரண்டு மூலக்கூறுகள்
இரு வழியாகக் கிளம்பும்.
ஒன்று நடந்து போகும்.
நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆக்சிஜனைக் கழற்றி வைத்து
ஹைட்ரஜனை வாங்கி உடுத்தி
மெத்திலாகி
கோபால்ட்டின் கையைப் பிடித்துக் காத்து நிற்கும்.
மற்றதற்குப் பொறுமையில்லை.
ஒரே ஓர் ஆக்சிஜனை உதறிவிட்டு நேரே வந்துவிடும்,
சுரங்கத்தில் ஆளைச் சத்தமில்லாமல் சாய்க்குமே,
அதே வாயுவாக.
நிக்கலும் இரும்பும் கந்தகமும் முடிச்சிட்ட ஓர் இடுக்கில்
இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.
கரியோடு கரி.

(தமிழில் எழுதுவதால் சொல்கிறேன்:
கரி என்றால் சாட்சி என்றும் பழைய பொருள் உண்டு.)

இலை கிடையாது. வெயில் கிடையாது.
இத்தனை பாடுபட்டும் அந்தச் சிற்றுயிருக்கு மிஞ்சுவது
அரைக்காசுக் கூலி.
வெளியே வருவது காடி.

வரவேண்டும்.
நான்கு இரவாக வரவில்லை.
மாதிரிக் குழாயை மேசைமேல் வைத்துவிட்டு
கருவி சூடாகக் காத்திருந்தாள்.
கடுமையான ஜலதோஷம் அவளுக்கு,
மூக்கு கல்லாய் அடைத்திருந்தது.

காவலாளி அலோய்ஸ் கதவைத் திறந்தார்.
இருபத்தாறு வருடம் நிலத்தடியில் இருந்தவர்.
வாசலிலேயே நின்று
வேட்டைநாய் போல இருமுறை மோந்தார்.
"ஹெர்ரிங் மீன் ஊறப்போட்டிருக்கிறாயா?"

அவள் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.
"எதன் வாசம்? சரியாகச் சொல்லுங்கள்."
"காடிதான். எனக்கா தெரியாது."

குழாயை அவர் முகத்தருகே நீட்டினாள்.
தலையை ஆட்டினார்.
"எவ்வளவு இருக்கும்?"
"இப்போதைக்கு... ஒரு கிராம்கூட இராது."
"வாயு எங்கிருந்து வருகிறது?"
"அனல்மின் நிலையப் புகைபோக்கி. சிலிண்டரில் அடைத்து."
"அதற்குக் கரி போட்டது நாங்கள்."
சற்று நின்று,
"ஒரு ஷிஃப்டில் ஆயிரத்து நானூறு டன் ஏற்றினோம்," என்றார்.

அவள் கால்குலேட்டரை எடுத்தாள்.
திருப்பி வைத்துவிட்டாள்.

இரண்டாவது மூலக்கூறின் கதையை அவரிடம் சொல்லலாமா என்று நினைத்தாள்.
அவர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது
நூற்றுப் பதினான்காம் சங்கிலியை.
அது அவர் தம்பி கின்ட்டருடையது என்று
அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.
உடுப்பு அதில் ஒன்பது நாள் தொங்கியதாம்,
இறக்க ஆளில்லாமல்.
சொல்லவில்லை.

அவர் போன பிறகு கருவி மெல்ல ஒரு கோடு வரைந்தது.
நேர்கோடு, பின்பு ஒரு சிறு மேடு,
துணியில் விழுந்த சுருக்கம் போல.
அதற்கு முன்பே குறிப்பேட்டில் எழுதியிருந்தாள்:

மணி 2.40. வாசம் உண்டு.
சாட்சி: அ. கொஸ்மாலா, இரவுக் காவல்.